பாதி மான்

உலோகம் கண்டறியும் வாசலில்
பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
ஒரு கையில் சம்மன்,
மறு கையில் நழுவும் கால்சட்டை.
டெவில்ஸ் லேக் நீதிமன்றத்துக்குள்
இப்படித்தான் நுழைந்தேன்,
ஜனவரி ஒன்பது, காலை எட்டே முக்கால்,
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.

கூண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
ஒரு மேசை, ஒரு மைக்,
யாரோ நகத்தால் சுரண்டிய வார்னிஷ்.

கதவில் ஒட்டிய பட்டியல் அகர வரிசையில்.
என் பெயர் ஆர்லின் வெஸ்ட்பி.
பள்ளியில் தடுப்பூசிக்கும் கடைசி நான்தான்.
முன்னால் நின்றவர்கள் அலறுவதையெல்லாம்
கேட்டுவிட்டுத்தான் என் முறை வரும்.

சம்மனில் இருப்பது:
அத்துமீறி நுழைதல், திருட்டு.
சம்மனில் இல்லாதது:
ஏழு வருடம் நான் வாடகை கொடுத்த கொட்டகை அது.
டிசம்பரில் ஹால்வர் பூட்டை மாற்றினான்.
உள்ளே என் ஃப்ரீசர், அதற்குள்
நவம்பரில் நான் சுட்ட மான்,
வெள்ளைத் தாளில் சுற்றி
என் கையெழுத்தில் தேதி போட்டது.
ஜன்னலை உடைத்துத் திறந்தபோது
பாதிதான் மிச்சம்.

அப்படியென்ன அவசரம் என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
இந்தக் குளிரில் அது எங்கும் ஓடியிருக்காது.

நான்கு இரவு ஒத்திகை பார்த்தேன்
டிரக்கின் கண்ணாடியைப் பார்த்து.
ஒவ்வொரு முறையும்
முடிவில் நீதிபதி அழுதுவிடுவார்.

நடையில் அரசு வழக்கறிஞர் வந்தார்,
முப்பது வயதிருக்கும், கன்னத்தில் இருமல் மிட்டாய்.
"இன்றே ஒப்புக்கொண்டால் திருட்டை எடுத்துவிடலாம்.
அபராதத்தோடு போகும்.
மதியத்துக்குள் வீட்டில் இருப்பீர்கள்."
எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை.
நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தார்.
அதுதான் பயமாக இருந்தது.

கூப்பிடத் தொடங்கினார்கள்.
ஒப்புக்கொள்கிறேன்.
ஒப்புக்கொள்கிறேன்.
கரண்ட் பில் கட்டுகிற வரிசை மாதிரி.
கோட்டு போட்ட ஒருவன் மட்டும் விளக்க ஆரம்பித்தான்:
"ரெண்டே பீர்தான் ஐயா, மூணாவது பாதி..."
'பாதி' என்றதும் அந்தப் பெண்ணின் பேனா அசைந்தது.
சொல்வதெல்லாம் பதிவாகிறது என்று
நீதிபதி கையைத் தூக்கினார்.
அவன் நிறுத்தவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.
இந்த ஏரித் தவளைகளை எனக்குத் தெரியும்.
இரண்டடிப் பனிக்கட்டிக்கு அடியில்
சேற்றோடு சேறாக, உயிரோடு,
ஏப்ரல் வரை
ஒரு சத்தம் வராது.

பிறகு, லெனுவார், டெலீன்.
ரப்பர் பூட்ஸில் சாணி. பண்ணையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.
"குற்றத்தை மறுக்கிறேன். எனக்கு வக்கீல் வேண்டும்.
வைக்கக் காசில்லை."
அவ்வளவுதான்.
கூரை இடியவில்லை. நீதிபதி முகம் சுளிக்கவில்லை,
மஞ்சள் படிவம் ஒன்றைக் கொடுக்கச் சொல்லி
வாய்தா போட்டார்.
அவள் யாரையும் பார்க்காமல் போனாள்.
தரையில் சாணி மட்டும் பூட்ஸ் வடிவத்தில்.

பதினொன்று நாற்பதுக்கு, வெஸ்ட்பி.

நான்கு இரவின் பேச்சும் தொண்டைக்கு வந்துவிட்டது.
ஹால்வர், பூட்டு, ஏழு வருட ரசீது.
விழுங்கினேன்,
மீன் முள்ளை விழுங்குவது போல,
சோற்றுருண்டைகூட இல்லாமல்.
அவள் சொன்னதையே சொன்னேன்.
'வக்கீல்' என்கிற இடத்தில் குரல் உடைந்தது,
மீசை முளைக்கிற பையன் மாதிரி.
நீதிபதி அழவில்லை.
ஏப்ரல் பதினொன்று என்றார்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன்.
உங்களுக்குச் சொந்தமானவை:
டிரக் ஒன்று, கடன் பாக்கி.
ஃப்ரீசர் ஒன்று.
பாதி மான்.

எழுதிவிட்டுப் பார்த்தேன்.
அடித்தேன். அடித்தும் படிக்க முடிந்தது.
எழுந்து போய், கண்ணாடித் தடுப்பைத் தட்டி,
இன்னொரு படிவம் கேட்டேன்.